இங்கு பாட்டு ஏற்றித் தரப்படும்

ஜூலை 6, ஞாயிறு

தன்விக்கு மேலே ஒரு பல் முளைத்திருக்கிறது. பால் குடிக்கும்போது கடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இன்று நூல் மில் வேன் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு விடுதிப் பெண்களைக் கடைவீதியில் இறக்கிவிடுவார்கள். வார்டன் கூடவே நடப்பார். வளையல் கடை, துணிக்கடை, கடைசியாக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் செல்போன் கடை. என் வீட்டுக்காரர் வினோபா ரிப்பேர் பார்ப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது நான். “காலேஜுக்கு அனுப்பிப் படிக்க வச்சது மாரியம்மன் பாட்டு ஏத்தவா?” என்று என் மாமியார் யார் வந்தாலும் கேட்பார்.

அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மில் வாசலிலேயே பெண்களின் போனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் பேச வாரம் ஒரு முறை வார்டனின் போன், அதுவும் ஸ்பீக்கரில். கடிதம் வந்தால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஹாலுக்கு ஒரு பாட்டுப்பெட்டி வைத்துக்கொள்ளலாம். சாமிப் பாட்டு ஓடினால் பெண்கள் அடக்கமாக இருப்பார்களாம். அந்தப் பெட்டியின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பேசுவதைப் பதிந்துகொள்ளும். அதைப் பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். “பாட்டு ஏத்தணும்க்கா” என்று கார்டை நீட்டுவார்கள். நகத்தளவு கார்டுக்குள் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கும். நான் எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். வீட்டிலிருந்து வரும் பதில், அடுத்த தடவை கடைசிப் பாட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். தபால் ஆபீஸ் மாதிரிதான், பயப்பட என்ன இருக்கிறது என்றிருந்தேன்.

இன்று முனீஸ்வரி கொண்டுவந்தது அப்படியில்லை. கார்டை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, “பழைய பாட்டு எதையும் அழிச்சிராதீங்கக்கா” என்றாள். பின்னால் வார்டன், “சீக்கிரம்டி! பாட்டு ஏத்துறாளா, பஞ்சு ஏத்துறாளா?” என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். முனீஸ்வரியும் சிரித்தாள். கமுதிப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயசு இருக்கும்.

மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு ஹெட்செட்டில் கேட்டேன். தன்வி மடியில் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“என் பேரு முனீஸ்வரி. சுகப்பிரியா மொட்டை மாடியில இருந்து விழல. நைட் ஷிப்ட்ல மயங்கி மிசின் மேல விழுந்தா. மண்டையில அடி. நான்தான் துணி வச்சுக் கட்டுனேன். மறுநாளு வெளிநாட்டுல இருந்து மில்ல பாக்க ஆளுக வாறாகன்னு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகல. சிக் ரூம்ல போட்டுப் பூட்டிட்டாக. தண்ணி தண்ணின்னா. விடியமுன்ன செத்துட்டா. பெறகுதான் மாடிக்குத் தூக்கிட்டுப் போனாக. நான் ஜன்னல் வழியா பாத்தேன்.”

அந்தப் பெண் காதல் தோல்வியில் குதித்ததாகத்தான் பேப்பரில் வந்தது. நானும் படித்துவிட்டு, பாவம் என்று சொல்லி, அந்தப் பேப்பரிலேயே தன்விக்குச் சோறு ஊட்டினேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெபராணி அக்கா திண்டுக்கல்லிலிருந்து வந்தார். வக்கீல். நான்தான் கூப்பிட்டிருந்தேன். போன் உறை மாற்ற வந்தவர் போல வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். முழுதும் கேட்டுவிட்டு உறையை மாட்டிக்கொண்டே, “இது ஒண்ணு போதும். ஆனா இது இங்க இருக்கக் கூடாது” என்றார்.

முன்பு வேறொரு வழக்கில் ஒருவர் கம்ப்யூட்டரில் எல்லாம் வைத்திருந்தாராம். விசாரணை என்று தூக்கிப் போனார்கள். திரும்பி வந்தபோது பெட்டி வந்தது, உள்ளே ஒன்றும் வரவில்லை.

“ஒரே எடத்துல வச்சா ஒரே நாள்ல போயிரும் அனு. என் ஆபீஸ்ல வச்சாலும் அதான். பிரிச்சு வை. எங்க இருக்குன்னு உனக்கே தெரியாத மாதிரி வை.” அப்புறம் எழுந்தபோது: “இன்னொண்ணு. உள்ள இருந்து வெளிய வரலாம். இந்த மாதிரிக் குரல் வெளிய வந்துட்டா, திரும்பி உள்ள போகவே கூடாது. புரியுதா?”

அந்தப் பிள்ளையை வெளியே கொண்டுவராமல் வழக்குப் போட்டால் உள்ளேயே வாயை அடைத்துவிடுவார்கள். ஆகஸ்டில் அவளுக்கு ஒரு வாரம் லீவு தருகிறார்களாம். அதுவரை அந்தக் குரலும் இருக்க வேண்டும், அவளும் இருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

வழி கண்டுபிடித்தேன். இரண்டு நாளாகக் குழம்பு வைக்கும்போதும் அதையேதான் யோசித்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

குரலை மூன்று துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டையும் பூட்டினேன். சாவி ஒரு நீளமான சொல். அது என் தலைக்குள் மட்டும். பூட்டிய துண்டு பாட்டுப்பெட்டியில் பாடாது, பெட்டி அதைத் தாண்டிப் போய்விடும். இனி எங்கள் கடையில் யார் பாட்டு ஏற்ற வந்தாலும் பாட்டோடு ஒரு துண்டும் போகும். முதல் ஆளுக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று. மறுபடி ஒன்று. யாருக்கு எது என்று குறித்துவைக்கவில்லை. குறித்துவைத்தால் அந்தக் குறிப்புதான் முதலில் சிக்கும்.

ஆடி பிறக்கப் போகிறது. ஊரே பாட்டு ஏற்ற வரும். டிராக்டர், ஆட்டோ, டீக்கடை, கோயில் பந்தல். எத்தனை பேரைத்தான் பிடிப்பார்கள்?

வினோபாவுக்குப் பிடிக்கவில்லை. “அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நாளைக்கு அந்த ஆட்டோக்காரன தூக்கிட்டுப் போயி, இது என்னடான்னா அவன் என்ன சொல்லுவான்?”

“தெரியாதுன்னு சொல்லுவாரு. அது உண்மைதானே மாமா?”

“உண்மையச் சொன்னவன எங்க அடிக்காம விட்டிருக்காங்க?”

அவருடைய அப்பா சர்வோதயக்காரர். மகனுக்கு வைத்த பேரிலேயே தெரியும். அந்த வீட்டில் கேட்காமல் அடுத்தவர் குடத்தில் தண்ணீர்கூட மொள்ள மாட்டார்கள். நான் தன்வியைத் தூங்கவைக்கப் போனேன்.

ஜூலை 15, செவ்வாய்

எதிர் டீக்கடையில் ஒரு ஆள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பார்த்தால் டவுன்பஸ் கண்டக்டர்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கடையில் நிற்க இடமில்லை. “நல்லா சாமி வர்ற பாட்டா போடும்மா” என்று ஒரு பெரியவர். “போன வருசம் நீ போட்ட பாட்டுக்கு ஒருத்திக்கும் சாமி வரல.” சரியென்று உறுமி அதிகம் உள்ளதாகப் பார்த்து ஏற்றினேன். அவருக்குப் போனது மூன்றாம் துண்டு என்று நினைக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

தன்விக்குக் காய்ச்சல். நேற்றிலிருந்து இறங்கவில்லை. டாக்டர் வீட்டில் ஞாயிறு பார்ப்பதில்லை என்றார்கள். நெற்றியில் ஈரத்துணி, தோளில் பிள்ளை, ஒரு கையால் மவுஸ்.

வேன் வந்தது. முனீஸ்வரி கார்டு கொடுத்தாள். அவள் பேசியிருந்தது: “அக்கா, அன்னைக்கு என்ன பேசுனேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. கோர்ட்டுல மாத்திச் சொல்லிட்டேன்னா பொய்க்காரின்னு ஆயிரும்ல. ஒரு தடவ கேக்கணும். ஒரே ஒரு தடவ.”

பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். வார்டன் வாட்சைப் பார்த்தார். தன்வி வீறிட்டாள்.

முனீஸ்வரி கேட்டதைக் கடைசிப் பாட்டுக்குப் பின்னால் வைத்துக்கொடுத்தேன்.

சாயந்திரம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கிற்று. அரை இட்லி சாப்பிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் பார்த்தார். பல் முளைக்கிற காய்ச்சல்தானாம். இதற்கா இவ்வளவு பயந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஜெபராணி அக்கா போனில் எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். சரியாகத்தான் போகிறது என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சவுண்ட் சர்வீஸ் பரமன் நாலு மணிக்குக் கடைக்கு வந்தார். ஊரில் எந்த விசேஷத்துக்கும் மைக் செட் கட்டுபவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலிலிருந்தே சத்தம்.

“என்னம்மா பாட்டு ஏத்தி வச்சிருக்க நீயி? எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

இன்று மூன்றாம் வெள்ளிக்கு மில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மைக் செட் இவர். இவருடைய கார்டு பாதியில் மக்கர் பண்ணியிருக்கிறது. வார்டன்தான், எங்க பிள்ளைக ஹால்ல நல்ல பாட்டா இருக்கு என்று பாட்டுப்பெட்டியிலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். பரமன் சொருகிவிட்டுக் கூழ் குடிக்கப் போய்விட்டார். பாட்டெல்லாம் பாடி முடிந்தது.

“கடைசிப் பாட்டு முடிஞ்சு, ஒரு பொண்ணு பேசுது. அழுதுக்கிட்டே பேசுது. நாலு குழாய் கட்டிருக்கேன், காடு மேடெல்லாம் கேக்குது. சனங்க என்ன நெனைச்சதுங்கிற? யாருக்கோ சாமி வந்துருச்சு, மைக்கப் புடிச்சு குறி சொல்லுதுன்னு நெனைச்சிருச்சு! பொம்பளைக குலவை போடுறாக. ஒரு கெழவி விழுந்து கும்புடுது. ‘தண்ணி தண்ணின்னா’ன்னு அது சொல்லுது, ‘ஆத்தா தண்ணி கேக்குறா’ன்னு ஒருத்தி கொடத்தத் தூக்கிட்டு ஓடுறா. நானே கையெடுத்துக் கும்பிட்டேன்னா பாத்துக்கயேன்.”

அவரை உள்ளே வரச்சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

“பெறகு மாடிக்குத் தூக்கிட்டுப் போனாகன்னு வந்துச்சு பாரு, மொதல்ல சொன்ன சுகப்பிரியாங்கிற பேரு அப்பத்தான் உறைச்சுச்சு. குலவை நின்னுபோச்சு. மில்லுப் பிள்ளைக அம்புட்டும் அப்படியே நிக்கிதுக, வாயப் பொத்திக்கிட்டு. மேனேஜர் செருப்பில்லாம ஓடி வந்து ஒயரப் பிடுங்கினாரு. கார்டையும் உருவிக்கிட்டாரு. எனக்கு வாடகையும் குடுக்கல.”

“அந்தப் பொண்ணு பேர் சொல்லிச்சா அண்ணே?” என்றேன்.

“மொதல்லயே சொல்லிருச்சே. முனீஸ்வரின்னு. எந்த ஊர்ச் சாமின்னு கேட்டுக்கிட்டு இருந்தாக.”

ஆகஸ்ட் 2, சனி

மில் பக்கம் கறிவேப்பிலை கொண்டுபோகிற அக்காவிடம் விசாரிக்கச் சொன்னேன். முனீஸ்வரியின் படுக்கை சுருட்டி வைத்திருக்கிறதாம். அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார் என்கிறார்கள். அப்பா போன் அணைந்திருக்கிறது. அவள் ஊரில் ஜெபராணி அக்காவுக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். வீடு பூட்டியிருக்கிறது. ஆடு மட்டும் கட்டிக் கிடக்கிறதாம். ஆட்டை விட்டுவிட்டு யார் ஊருக்குப் போவார்கள்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேன் வரவில்லை. ஆடிப்பெருக்கு. தாலிக் கயிறு மாற்றவில்லை. அத்தை திட்டினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஜீப் ஒன்று, சும்மா கார் ஒன்று. ஆபாசப் படம் ஏற்றி விற்பதாகப் புகார் என்றார்கள். கம்ப்யூட்டர், வினோபாவின் போன், என் போன், ரிப்பேருக்கு வந்த போன்கள், டப்பாவிலிருந்த கார்டுகள், பழைய டி.வி. ரிமோட்கூட. எல்லாம் வெள்ளைச் சாக்கில். வீட்டுக்கும் வந்தார்கள். தன்வியின் பொம்மை போனை ஒரு போலீஸ்காரர் அழுத்தினார். அது ஆங்கிலப் பாட்டுப் பாடியது. அதையும் சாக்கில் போட்டார். இன்னொருவர், “அதக் குடுத்துருய்யா, மேல பாத்தா சிரிப்பாங்க” என்று எடுத்துத் தன்வி கையில் கொடுத்தார். தன்வி அவருக்கு டாட்டா காட்டினாள்.

கைப்பற்றியதற்கு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். வினோபாவை ஏற்றிக்கொண்டார்கள். சட்டை மாற்றிக்கொள்கிறேன் என்றார். விடவில்லை.

இந்த நோட்டை தன்வியின் ஈரத்துணிக் கூடைக்கு அடியில் வைத்திருந்தேன். அங்கே யாரும் கை விடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வினோபா வந்துவிட்டார். ஜெபராணி அக்காதான் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்து கூட்டிவந்தார். வலது காதில் சத்தம் கேட்கவில்லையாம். வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அத்தையிடம் வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு நான் கிணற்றடியில் போய் நின்றுகொண்டேன்.

பேசியது யார், கார்டைக் கொண்டுவந்தது யார், வேறு எங்கே இருக்கிறது. இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்களாம். தெரியாது என்றே சொல்லியிருக்கிறார்.

சாப்பிடும்போது கேட்டார்: “பூட்டித்தானே வச்ச? பூட்டுனது பாடாதுன்னு சொன்ன. எப்படி மைக்ல பாடுச்சு?”

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு இருந்திருக்கும் என்றேன். இருந்திருக்கவும் கூடும். பழைய கம்ப்யூட்டர்தானே.

அவர் இடது காதை என் பக்கம் திருப்பி, “என்ன?” என்றார்.

“கோளாறு மாமா” என்று திரும்பச் சொன்னேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆட்கொணர்வு மனு போட வேண்டும் என்கிறார் ஜெபராணி அக்கா. பெண்ணைக் காணோம், கண்டுபிடித்துக் கோர்ட்டில் நிறுத்துங்கள் என்று. மனுப் போடுவது நான். தோழி என்ற முறையில். கூட்டிவந்து நிறுத்தும்போது பயமுறுத்தித்தான் நிறுத்துவார்கள். அவள் வாயே திறக்காவிட்டால்? “அந்தக் குரல் கையில இருந்தா நான் நீதிபதிகிட்ட ஒரு நிமிஷம் கேளுங்கன்னு சொல்லுவேன். இல்லன்னா வெறுங்கையோட நிக்கணும்.”

குரல் ஊரெல்லாம் இருக்கிறது. துண்டு துண்டாக, யாரிடம் எது என்று தெரியாமல். அக்கா தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்றும் இன்றும் அலைச்சல். தன்வி இடுப்பில், லேப்டாப் அவள் துணிப் பைக்குள். “நான் ஏத்துன பாட்டுல வைரஸ் இருக்குன்னு சொல்றாங்க, சரி பண்ணித் தரேன்” என்று கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் கார்டைத் தரவே பயந்தார்கள். கடையில் போலீஸ் வந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டோ மாடசாமி: “நீ போட்டது சரியில்லைன்னு அன்னைக்கே அழிச்சுட்டேன் தங்கச்சி. குத்துப் பாட்டு ஏத்திட்டேன்.”

பூக்கட்டும் அக்கா: “வைரஸா? அது கொரோனா மாதிரியா? அய்யோ, அத வீட்டுக்குள்ள வச்சுத்தான் படுத்தேன்!” அவரிடம் முதல் துண்டு.

டீக்கடையில் முதல் துண்டு. மாவு மில்லில் முதல் துண்டு. சாமி வர்ற பாட்டுக் கேட்ட பெரியவரிடம் மூன்று. “இந்த வருசமும் ஒருத்திக்கும் வரல. மில்லுல மட்டும் வந்துச்சாம்ல?” என்றார்.

இரண்டாம் துண்டு எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கிடைத்தது. வினோபாதான் யோசித்தார். அமரர் ஊர்தி ஓட்டுகிற கதிரவன் ஆடி பிறந்ததும் வந்து பாட்டு ஏற்றிக்கொண்டு போனான். ஆடி மாசத்தில்தான் சாவு அதிகம் என்று சிரித்தபடி சொன்னது எனக்கும் ஞாபகம் வந்தது.

வண்டி பெட்ரோல் பங்க் பக்கம் நின்றது. உள்ளே ஆள் இருந்தார், அதாவது பிணம். பெட்டிக்கு மேலே ரோஜா மாலை. வினோபா தன்வியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் முன் சீட்டில் ஏறினேன்.

“சீக்கிரம் பாருங்கக்கா. வீட்டுக்காரங்க டீ குடிச்சுட்டு வந்துருவாங்க.”

சொருகிப் பார்த்தேன். இரண்டு. அப்படியே இருந்தது. எத்தனையோ சாவுக்குப் போய் வந்திருக்கிறது.

“என்னக்கா அழுவுறீங்க? தெரிஞ்சவரா?” என்றான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மூன்றையும் சேர்த்தேன். சாவிச் சொல்லை அடிக்கும்போது ஒரு எழுத்துத் தப்பி, திறக்கவில்லை என்றதும் உயிர் போய் வந்தது. மறுபடி அடித்தேன். திறந்தது. “என் பேரு முனீஸ்வரி.” பக்கத்தில் வினோபா இடது காதில் ஹெட்செட்டை வைத்து முழுதும் கேட்டார். அவர் அதை இதற்கு முன் கேட்டதே இல்லை. இதற்காக அடி வாங்கியவர். கேட்டு முடித்து எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீரை அப்படியே குடித்தார்.

பென் டிரைவில் ஏற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மனுவில் கையெழுத்துப் போட்டேன். க/பெ. வினோபா என்று போடும்போது அவரைப் பார்த்தேன். “போடு, போடு. ஏற்கனவே என் பேரு அங்க பிரபலம்தான்” என்றார். அத்தை, “பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஊர்வம்பு” என்று சொல்லிவிட்டு, மத்தியானம் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மதுரை. தன்வியை விட்டுவிட்டு வர முடியவில்லை, பால் குடிக்கிற பிள்ளை. விடியற்காலை பஸ். ஜெபராணி அக்கா பத்து தடவை கேட்டார்: “பென் டிரைவ் இருக்குல்ல?” இருக்கு, இருக்கு. பையின் உள் ஜிப்பில்.

வழக்கைக் கூப்பிட நேரமாகும் என்றார்கள். தன்விக்குத் துணி மாற்றப் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. புதுச் சுடிதார். மடிப்புக்கூடக் கலையவில்லை. முனீஸ்வரி.

குழாயை அவள் மூடவில்லை. இன்னும் அதிகமாகத் திறந்தாள்.

“அப்பாவும் மில்லுக்காரவுகளும் வெளிய நிக்கிறாக.”

“அடிச்சாங்களா?” என்றேன்.

“இல்லக்கா. நல்லா சோறு போட்டாக.” தன்வியின் காலைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, கொஞ்ச நேரத்துல உள்ள நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்காதீக.”

“என்ன சொல்லுவ?”

“அது என் குரல் இல்லன்னு சொல்லுவேன்.”

“பயப்படாத. எங்ககிட்ட இருக்கு. முழுசா இருக்கு. வக்கீல் அக்கா அங்கயே போட்டுக் காட்டிருவாங்க. அப்புறம் உன்ன யாரும் ஒண்ணும்...”

“என் தங்கச்சி உள்ள இருக்காக்கா.”

எனக்குப் புரியவில்லை.

“ரெண்டாவது யூனிட்ல. உங்ககிட்ட சொல்லல. யாருகிட்டயுமே சொல்லல. அக்கா தங்கச்சின்னா ஒரே மில்லுல சேக்க மாட்டாக, அதான் வேற ஊர்னு சொல்லிச் சேத்தோம். மைக்ல பேசுனதுக்குப் பெறகு கண்டுபிடிச்சுட்டாக. இப்ப அவள சிக் ரூம்ல வச்சிருக்காக.” சிக் ரூம் என்றபோது மட்டும் அவள் குரல் உடைந்தது. “பொங்கலோட அவளுக்கு மூணு வருச ஒப்பந்தம் முடியிது. அனுப்பிருவோம்னு அப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்காக. அதுவரைக்கும் அது என் குரல் இல்லக்கா. அவ வெளிய வந்துட்டா, அது என் குரல்.”

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

“வச்சிருப்பீகளா?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

பிறகு நடந்தது கொஞ்சம்தான். கூப்பிட்டார்கள். உன் விருப்பத்தின் பேரில்தான் அப்பாவோடு இருக்கிறாயா என்று நீதிபதி கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆமாம் என்றாள். மைக்கில் ஒலித்ததாகச் சொல்கிறார்களே, அது நீ பேசியதா? இல்லை. யார் பேசியது தெரியுமா? தெரியாது. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஜெபராணி அக்கா எழுந்து, அந்தக் குரலை இங்கேயே சமர்ப்பிக்க அனுமதி வேண்டும், ஒரு நிமிடம் கேட்டாலே விளங்கிவிடும் என்றார். சரி, கொடுங்கள் என்றார் நீதிபதி. அக்கா பார்வையாளர் பெஞ்சுக்குத் திரும்பி என் முன்னால் கையை நீட்டினார்.

பை என் மடியில் இருந்தது. அதன் மேல் தன்வி உட்கார்ந்திருந்தாள்.

“கொண்டு வரலக்கா” என்றேன்.

அக்காவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று திரும்பும்போது அக்கா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். “வேணாம் அனு. எதையும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா நான் வக்கீலா ஏதாவது செய்யணும்” என்றார். தெரிந்துவிட்டதோ என்னவோ. இறங்கும்போது தன்வி தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

சரியாகத்தான் செய்தேனா? அந்தத் தங்கச்சிப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே என் பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பேர்கூடக் கேட்கவில்லை. தங்கச்சியின் பேர் என்ன?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போலீஸ் எடுத்துப்போன கடைச் சாவி திரும்பக் கிடைத்தது. சாமான் எதுவும் வரவில்லை. தூசி தட்டினோம். வேன் எதிர்ச் சாரியில் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தியும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.

வினோபா பல்பு மாட்டிக்கொண்டே, “நெசமாவே வீட்டுலயா வச்சுட்டுப் போன?” என்றார்.

“ஆமா.”

என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, சத்தமில்லாமல் சொன்னார்:

“புரட்டாசியில பெருமாள் பாட்டு கேப்பாங்க. கார்த்திகை பொறந்தா ஐயப்பன் பாட்டு. ஒவ்வொரு தடவையும் இருக்கறத அழிச்சுட்டுத்தான் ஏத்தச் சொல்லுவாங்க. நீ போட்டதெல்லாம் போயிரும். பொங்கல் வரைக்கும் இருக்கணும்னா, மறுபடி மறுபடி ஏத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கணும்.”

பொங்கல் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. தூக்கத்தில் பேசியிருப்பேன் போலிருக்கிறது.